ஆமை புகுந்த வீடா... வீடு புகுந்த ஆமையா? - ஆமை ஓடு பற்றி 200 வருட ஆராய்ச்சி சொல்றது என்ன?

திருப்பூர்ல பனியன் கம்பெனி செக்கிங் டேபிள்ல நின்னவங்களுக்கு ‘டர்ட்டில் நெக்’ புதுசு இல்லை. கழுத்தைச் சுத்தி ஏறி நிக்கிற காலர். ஓட்டுக்குள்ள இருந்து ஆமை கழுத்தை நீட்டுற மாதிரி இருக்கறதால அந்தப் பேர்.

அந்தப் பேரைக் கேட்டதும் நம்ம மனசுல ஒரு படம் ஓடும். ஓடுங்கிறது ஆமை போட்டுக்கிட்டிருக்கிற ஒரு டிரஸ். கார்ட்டூன்ல பார்த்திருப்பீங்களே, ஆமை ஓட்டைக் கழட்டி ஓரமா வெச்சிட்டு குளிக்கப் போகும். நத்தைகூட ஓட்டை முதுகுல சுமந்துட்டுத்தானே போகுது, ஆமையும் அப்படித்தான்னு நினைச்சுக்கிறோம்.

ஆனா உங்க விலா எலும்பைக் கழட்டி ஹேங்கர்ல மாட்டச் சொன்னா உங்களால முடியுமா? ஆமையாலயும் முடியாது. ஏன்னா, ஆமையோட ஓடு அதோட வீடும் இல்லை, டிரஸ்ஸும் இல்லை. அது ஆமையோட விலா எலும்பும் முதுகெலும்பும்தான்!

இன்னிக்கு ஒரே வரியில சொல்லிட்டோம். ஆனா, இதை உறுதி செய்ய விஞ்ஞானிகளுக்குக் கிட்டத்தட்ட 200 வருஷம் ஆச்சு. அந்தக் கதையில இமயமலை அடிவாரம் வருது, ஒரு சென்னைப் பெண் வர்றாங்க, நம்ம ஊர்ப் பக்கம் புதர்க்காட்டுல திரியுற நட்சத்திர ஆமையும் வருது.

முதல்ல, ஓட்டுக்குள்ள என்ன இருக்கு?

ஆமை ஓடு ரெண்டு பாகம். முதுகுப் பக்கம் மேல் ஓடு, வயித்துப் பக்கம் அடி ஓடு. ரெண்டையும் பக்கவாட்டுல ஒரு எலும்புப் பாலம் இணைக்குது. மொத்தம் 50-க்கும் மேற்பட்ட எலும்புகள் ஒண்ணோட ஒண்ணு கோத்து இந்தக் கூடு உருவாகியிருக்கு.

அதுக்கு மேல நாம பார்க்கிற பளபளப்பான கட்டங்கள் தனி. அவை கெரட்டின் தகடுகள். உங்க நகமும் முடியும் எதால ஆனதோ, அதே பொருள். பெரும்பாலான ஆமைகளுக்கு மேல் ஓட்டுல 38 தகடுகள் இருக்கும்.

இங்கே ஒரு சூப்பர் டிசைன் இருக்கு. மேலே இருக்கிற தகடுகளோட இணைப்புக் கோடும், கீழே இருக்கிற எலும்புகளோட இணைப்புக் கோடும் ஒரே இடத்துல வராது. ஒண்ணு முடியுற இடத்துக்கு மேல இன்னொண்ணு குறுக்கே போகும். கொத்தனார் செங்கல் வைக்கும்போது கீழ் வரிசை இணைப்புக்கு மேல முழுக் கல்லை வைப்பார் இல்லையா, அதே டெக்னிக்தான். இணைப்புகள் ஒரே கோட்டுல வந்தா சுவர் பிளந்துடும்.

இன்னொரு விஷயம், ஓட்டுக்கு உணர்ச்சி உண்டு. எலும்புல ரத்தம் ஓடுது, நரம்புகள் இருக்கு. ஓட்டுல நீங்க தட்டினா அதுக்குத் தெரியும். அடிபட்டா வலிக்கும்.

இமயமலை அடிவாரத்துல கிடைச்ச ராட்சச ஓடு

ஆமை ஓடு ஆராய்ச்சியில இந்தியாவோட பேர் ரொம்ப சீக்கிரமே வந்துடுச்சு. 1830-கள்ல சிவாலிக் மலைப் பகுதியில ரெண்டு பேர் புதைபடிவங்களைத் தோண்டி எடுத்துக்கிட்டிருந்தாங்க. ஒருத்தர் கால்வாய் வெட்டுற இன்ஜினீயர் ப்ரோபி காட்லி. இன்னொருத்தர் சகாரன்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளரா இருந்த டாக்டர் ஹியூ ஃபால்கனர். அவங்களுக்குக் கிடைச்சதுல ஒண்ணு, அதுவரைக்கும் யாரும் பார்க்காத அளவுக்குப் பெரிய நில ஆமையின் ஓட்டுத் துண்டுகள்.

1837-ல் அதைப் பற்றி எழுதினாங்க. 1844-ல் அதுக்கு ‘கொலோசோகெலிஸ் அட்லஸ்’னு பேர் வெச்சாங்க. கிரேக்கக் கதையில வானத்தையே தோள்ல தாங்குறவன் அட்லஸ். நம்ம ஊர்ல உலகத்தைத் தாங்குறது ஆமை. கூர்மாவதாரக் கதையை ஃபால்கனரும் அறிஞ்சுதான் இருந்தார். இப்படி ஒரு பிரமாண்ட ஆமையை மனுஷங்க நேர்லயே பார்த்திருப்பாங்களோ, அதுதான் புராணமா மாறியிருக்குமோன்னு யோசிச்சார்.

ஆரம்பத்துல அதோட அளவைக் கொஞ்சம் கூடுதலாவே மதிப்பிட்டுட்டாங்க. இன்றைய கணக்குப்படி ஓட்டோட நீளம் சுமார் 2 மீட்டர். அதுவே ஒரு கட்டில் நீளம்!

இந்தியாவுல கிடைச்ச ஆமைகள்ல இதைவிடப் பல மடங்கு பழையதும் உண்டு. கோதாவரிப் படுகையில இருக்கிற கோட்டா பாறை அடுக்குல கிடைச்ச ‘இந்தோகெலிஸ்’, டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக் காலத்து ஆமை. அதைப் பற்றிய ஆய்வு 2000-ல் வெளியாச்சு.

ஆனா இவை எல்லாமே முழு ஓடு உருவான பிறகு வாழ்ந்த ஆமைகள். ஓடு எப்படி உருவாச்சுங்கிற கேள்விக்கு இவற்றில் பதில் இல்லை.

ரெண்டு கட்சி, ஒரு சண்டை

19-ம் நூற்றாண்டுல உயிரியலாளர்கள் ரெண்டு கட்சியா பிரிஞ்சாங்க. ‘முதலைக்கு முதுகுத் தோல்ல எலும்புத் தகடு இருக்கே, அது மாதிரி தோல் எலும்புகள் ஒண்ணாச் சேர்ந்துதான் ஆமை ஓடு வந்துச்சு’ன்னு ஒரு கட்சி. ‘இல்லை, உள்ளே இருக்கிற விலா எலும்புகளே அகலமாகி ஓடாச்சு’ன்னு இன்னொரு கட்சி.

தீர்ப்பு சொல்ல பாதி ஓடு வளர்ந்த ஆமை ஏதாவது கிடைக்கணும். ஆனா, கிடைக்கலை. 1887-ல் ஜெர்மனியில விவரிக்கப்பட்ட ‘புரோகனோகெலிஸ்’ சுமார் 21 கோடி வருஷப் பழசு. அதுக்கும் ஓடு ஃபுல்லாவே இருந்துச்சு. கழுத்தை உள்ளே இழுத்துக்க மட்டும் தெரியாது. தைச்சு முடிச்ச டி-ஷர்ட்டை மட்டும் கையில கொடுத்துட்டு, ‘முதல்ல எந்தப் பேனலை இணைச்சாங்க, சொல்லு’ன்னு கேட்ட மாதிரி ஆகிடுச்சு விஞ்ஞானிகள் நிலைமை.

தைக்கிற பாதியில நிக்கிற பீஸ் கிடைக்க, நூறு வருஷத்துக்கு மேல காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒவ்வொண்ணா கிடைச்ச ‘பாதி ஆமைகள்’

2008-ல் சீனாவின் குய்சோ மாகாணத்துல இருந்து அந்தச் செய்தி வந்துச்சு. ‘ஓடோண்டோகெலிஸ்’. வயசு சுமார் 22 கோடி வருஷம். வாய்ல பல் இருக்கு (இன்றைய ஆமைகளுக்குப் பல்லே கிடையாது). அடி ஓடு முழுசா இருக்கு. ஆனா மேல் ஓடு இல்லை, அகலமான விலா எலும்புகள் மட்டும்தான் இருக்கு. அதாவது, முதல்ல வயித்துப் பக்கம், அப்புறம்தான் முதுகுப் பக்கம்!

2015-ல் ஜெர்மனியில ‘பாப்போகெலிஸ்’. பேருக்கு அர்த்தமே ‘தாத்தா ஆமை’. 24 கோடி வருஷம். இதுக்கு அடி ஓடும் இன்னும் வரலை. ஆனா வயித்துல இருந்த தனித்தனி எலும்புக் குச்சிகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்ட ஆரம்பிச்சிருந்தது.

2018-ல் மறுபடியும் சீனா. ‘ஏயோரின்கோகெலிஸ்’ங்கிற இது 2 மீட்டருக்கும் மேல நீளம். ஆமைக்கு இருக்கிற மாதிரி அலகு வந்துடுச்சு, ஆனா ஓடு சுத்தமா இல்லை.

இந்த வரிசைக்கும் முன்னாடி நிக்கிறது தென்னாப்பிரிக்காவோட ‘யூனோடோசாரஸ்’. சுமார் 26 கோடி வருஷம். இதுக்கு 1892-லேயே பேர் வெச்சாச்சு. ஆமையோட மூதாதையா இருக்கலாம்னு 1914-லேயே டி.எம்.எஸ்.வாட்சன் சொன்னார். ஆனா அதுக்கப்புறம் அந்தக் கருத்து ஓரங்கட்டப்பட்டு, ஏறக்குறைய நூறு வருஷம் கழிச்சுத்தான் டைலர் லைசன் என்ற ஆய்வாளர் குழுவால மறுபடி மேடைக்கு வந்துச்சு. அவங்களுக்குக் கிடைச்ச நல்ல மாதிரிகள்ல ஒண்ணைக் கண்டுபிடிச்சது யார் தெரியுமா? அப்பாவோட பண்ணையில சுத்திட்டிருந்த 8 வயசுப் பையன்!

முட்டைக்குள்ள நடக்கிற மடிப்பு

புதைபடிவம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆமை முட்டைக்குள்ள கருவைக் கவனிச்சவங்க சண்டைக்கு வேற வழியில முடிவு தேடினாங்க.

உங்க கையைப் பின்னாடி கொண்டுபோய் தோள்பட்டை எலும்பைத் தொட்டுப் பாருங்க. அது விலா எலும்புக்கு வெளியே, மேல இருக்கு. பல்லிக்கும் அப்படித்தான், கோழிக்கும் அப்படித்தான். ஆமைக்கு மட்டும் தோள்பட்டை விலா எலும்புக் கூட்டுக்கு உள்ளே இருக்கு. இது எப்படி சாத்தியம்?

ஆமைக் கருவோட பக்கவாட்டுல ஒரு மேடு உருவாகறதை அமெரிக்க ஆய்வாளர் ஆன் பர்க் 1989-ல் விரிவா ஆராய்ஞ்சார். அதுதான் வருங்கால மேல் ஓட்டோட விளிம்பு. மத்த விலங்குகள்ல விலா எலும்பு நெஞ்சைச் சுத்தி கீழே வளையும். ஆமையில அப்படிக் கீழே இறங்காம, விசிறி மாதிரி பக்கவாட்டுல விரியுது.

2009-ல் ஜப்பானின் ஷிகெரு குரடானி குழு அடுத்த படியை விளக்குச்சு. விலா எலும்பு விரியும்போது உடம்போட பக்கச் சுவர் உள்பக்கமா மடங்குது. அந்த மடிப்புலதான் தோள்பட்டை விலாவுக்கு அடியில போயிடுது. கட்டிங் மாஸ்டர் துணியை வெட்டி வேற துண்டு சேர்க்கலை. இருக்கிற துணியையே ஒரு மடி மடிச்சிட்டார். அவ்வளவுதான்.

2013-ல் அதே ஆய்வுக்கூடம், மேல் ஓட்டோட பெரும்பகுதி விலா, முதுகெலும்புகள்ல இருந்தே வளருதுன்னு காட்டுச்சு. ‘விலா எலும்பு’ கட்சிக்கே வெற்றி!

அமராவதி முதலைக்கு ஆமை சொந்தமா?

அதே 2013-ல் ஆமைகளின் முழு மரபணு வரிசையும் வெளியாச்சு. ஆமை, பல்லி பாம்புக்கு நெருக்கமா, இல்லை வேற யாருக்காவது நெருக்கமான்னு ரொம்ப நாளா ஒரு குழப்பம் இருந்தது. மரபணு சொன்ன பதில், முதலையும் பறவையும்தான் நெருங்கிய சொந்தம்.

உடுமலைப்பேட்டை தாண்டி அமராவதி அணை முதலைப் பண்ணைக்குப் போயிருப்பீங்க. நம்ம நஞ்சராயன் குளத்துல பறவை பார்க்கப் போயிருப்பீங்க. ஆமைக்கு அவங்க ரெண்டு பேரும்தான் பங்காளிகள். ஓணானும் பாம்பும் கொஞ்சம் தூரத்து சொந்தம்தான்.

ஓடு எதுக்காக வந்துச்சு?

‘இது என்ன கேள்வி, பாதுகாப்புக்குத்தான்!’னு சொல்வீங்க. இங்கேதான் ட்விஸ்ட்.

விலா எலும்பு அகலமானா மூச்சு விடறது கஷ்டம். நாம மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூடு விரியும். எலும்பெல்லாம் ஒட்டிக்கிட்டா அது விரியாது. ஓட்டமும் மெதுவாகும். பாதி ஓடு எந்த எதிரியையும் தடுக்காது. அப்படின்னா, முழு ஓடு வர்றதுக்கு முன்னாடி கோடிக்கணக்கான வருஷம் அந்த அகலமான எலும்பால என்ன லாபம்?

2016-ல் லைசன் குழு சொன்ன விளக்கம்: மண் தோண்ட! யூனோடோசாரஸோட முன்னங்கால்கள் பலமானவை, நகங்கள் பெரியவை. கை வேகமா மண்ணைத் தள்ளும்போது உடம்பு ஆடாம நிக்க, அகலமான விலா எலும்பு நல்ல பிடிமானமா இருந்திருக்கும். வறண்ட பூமியில வெயிலுக்குத் தப்பிக்க வளை தோண்டினதோட விளைவுதான், பின்னாடி கேடயமா மாறிச்சுன்னு சொல்றாங்க.

சரி, மூச்சு? வயித்துக்குள்ள இருக்கிற தசைகள் பொறுப்பை எடுத்துக்குச்சு. ஓடு அசையாது, உள்ளே தசைகள் சுருங்கி விரிஞ்சு நுரையீரலை இயக்குது. இந்த ஏற்பாடும் யூனோடோசாரஸ் காலத்துலேயே தொடங்கிடுச்சுன்னு 2014-ல் வந்த ஆய்வு சொல்லுது.

ஓட்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. வட அமெரிக்காவோட ‘பெயின்டட்’ ஆமை, பனி மூடிய குளத்துக்கு அடியில மாசக்கணக்கா ஆக்சிஜனே இல்லாம கிடக்கும். அப்போ உடம்புல லாக்டிக் அமிலம் ஏறிக்கிட்டே போகும். அந்த அமிலத்தை முறிக்கிற காரச்சத்தை ஓடு ரத்தத்துல விடுது, அமிலத்துல ஒரு பங்கைத் தனக்குள்ளயும் வாங்கி வெச்சுக்குதுன்னு டொனால்ட் ஜாக்சன் என்ற ஆய்வாளர் பல வருஷ ஆய்வுல காட்டினார். நெஞ்செரிச்சலுக்கு நாம ஜெலுசில் குடிக்கிற மாதிரி!

நட்சத்திர ஆமையும் தலையாட்டி பொம்மையும்

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்து நிக்கும். ரகசியம், அடியில இருக்கிற வெயிட். எந்த வெயிட்டும் வைக்காம, வெறும் வடிவத்தாலேயே எப்பவும் ஒரே நிலைக்குத் திரும்புற பொருள் உண்டா? 1995-ல் ரஷ்யக் கணித மேதை விளாதிமிர் அர்னால்ட் இருக்கலாம்னு சொன்னார். ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் டொமோகோஷ், பீட்டர் வார்கோனி ரெண்டு பேரும் 2006-ல் அதைச் செஞ்சே காட்டினாங்க. பேர் ‘கோம்போட்ஸ்’. இயற்கையில அப்படி ஒரு கல் கிடைக்குமான்னு டொமோகோஷ் கடற்கரையில 2,000 கூழாங்கற்களைச் சோதிச்சுப் பார்த்தார். ஒண்ணும் கிடைக்கலை.

கல்லில் கிடைக்காதது ஆமையில கிடைச்சது. ஆமை ஓடுகளை அளந்து பார்த்தப்போ, கோம்போட்ஸுக்கு ரொம்ப நெருக்கமா வந்தது இந்திய நட்சத்திர ஆமை! தமிழ்நாட்டோட வறண்ட புதர்க்காடுகள்ல வாழுறதேதான். தட்டையான ஓடுள்ள ஆமை கவிழ்ந்தா நீளமான கழுத்தை ஊன்றித்தான் எழுந்திருக்கணும். உயரமான குமிழ் ஓடுள்ள நட்சத்திர ஆமைக்கு, ஓட்டோட வடிவமே பெரும்பாலான வேலையை முடிச்சிடும். காலை லேசா உதைச்சாப் போதும்.

பேர்ல ஆமையா வாழுற சென்னைப் பெண்

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒருத்தர், ஜெ.விஜயா. சென்னை பாம்புப் பண்ணையில தன்னார்வலரா சேர்ந்து, இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர்னு அறியப்பட்டவர்.

1912-ல் மெட்ராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் ஹென்டர்சன், கொச்சி சமஸ்தானக் காட்டுல கிடைச்ச சின்னப் பிரம்பு ஆமையைப் பற்றி எழுதினார். அதோட அது காணாமப் போச்சு. 70 வருஷம் அறிவியல் உலகம் அதைப் பார்க்கவே இல்லை. 1982-ல் கேரளக் காட்டுக்குள்ள போய் அதை மறுபடி கண்டுபிடிச்சது விஜயா. 1987-ல், 28 வயசுலேயே அவர் இறந்துட்டார்.

அந்த ஆமை தனிப் பேரினம்னு 2006-ல் உறுதியானப்போ, விஞ்ஞானிகள் அதுக்கு வெச்ச பேர் ‘விஜயாகெலிஸ்’. விஜயாவின் ஆமை!

வீட்டுக்குள்ள வந்தா ஓட்டுக்கு என்ன ஆகும்?

‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ன்னு நம்ம தாத்தா பாட்டி சொல்வாங்க. இன்னிக்கு அதே ஆமையை ‘ராசி’ன்னு காசு கொடுத்து வாங்கி ஹால்ல விடறாங்க. இந்தக் கடத்தலால அதிகம் பாதிக்கப்படறது நட்சத்திர ஆமைதான். 2019-ல் சர்வதேச வன உயிரின வர்த்தக ஒப்பந்தத்தோட உச்சபட்சப் பாதுகாப்புப் பட்டியலுக்கு அது போனதுக்குக் காரணமே இதுதான்.

ஓடு உயிருள்ள எலும்புன்னு பார்த்தோம். அதனால, ஆமை எப்படி வாழுதோ அது ஓட்டுல எழுதப்படும். வெயிலே படாத அபார்ட்மென்ட்ல, கால்சியம் இல்லாத சாப்பாட்டுல வளர்ந்தா ஓடு மெத்துன்னு ஆகிடும். தகடுகள் கோபுரம் கோபுரமா புடைச்சுக்கிட்டு வர்ற பிரச்னையும் உண்டு. அதிகப் புரோட்டீன்தான் காரணம்னு நினைச்சிருந்தாங்க. ஆப்பிரிக்க ஆமைக் குஞ்சுகளை வெச்சு நடந்து 2003-ல் வெளியான ஆய்வு, காத்துல ஈரப்பதம் குறைஞ்சதுதான் பெரிய காரணம்னு காட்டுச்சு. நட்சத்திர ஆமைக்கு இயல்பாவே லேசான மேடு இருக்கும். ஆனா வளர்ப்புல அது எல்லை மீறும். ஒருமுறை கோணலா வளர்ந்த எலும்பு பழையபடி திரும்பாது.

நீங்க தெரிஞ்சுக்க வேண்டியவை

* நட்சத்திர ஆமை, பால் ஆமை போன்ற நம்ம நாட்டு ஆமைகளைப் பிடிக்கிறதும், விக்கிறதும், வீட்டுல வளர்க்கிறதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ‘சும்மா குளத்துல கிடைச்சது’ன்னு சொன்னாலும் குற்றம்தான்.

* குளத்துலயும் கிணத்துலயும் நீங்க பார்த்திருக்கக்கூடிய பால் ஆமைக்கு ஓட்டு மேல கெரட்டின் தகடே கிடையாது, தோல்தான். பின்னங்காலை இழுத்துக்கிட்டா அடியில இருக்கிற மடல் ஷட்டர் மாதிரி மூடிக்கும். நத்தை, செத்த மீன், பாசி எல்லாம் சாப்பிட்டு தண்ணியைச் சுத்தமா வெச்சுக்க உதவும். அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்.

* ரோட்டைக் கடக்கிற ஆமையைப் பார்த்தா, ஓட்டோட ரெண்டு பக்கமும் பிடிச்சு, அது போற திசையிலேயே ஓரமா விடுங்க. வாலைப் பிடிச்சுத் தூக்காதீங்க. அப்புறம் கையை சோப் போட்டுக் கழுவுங்க.

* ஓடு உடைஞ்ச ஆமை கிடைச்சா ஃபெவிக்விக், எம்-சீல் எதுவும் வேண்டாம். உள்ளே கிருமியை வெச்சுப் பூட்டின மாதிரி ஆகிடும். காத்தோட்டமான அட்டைப் பெட்டியில சுத்தமான துணி விரிச்சு வெச்சு, வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்க. உடைஞ்ச ஓடு ஆறும். ஆனா, மாசக்கணக்கு ஆகும்.

* ஓட்டுல பெயின்ட் அடிக்கிறது, ஓட்டை போட்டுக் கயிறு கட்டறது ரெண்டும் கொடுமை. நீங்க துளை போடறது எலும்புல.

* ஓட்டு வளையத்தை எண்ணி வயசு சொல்ல முடியாது. ஒரே வருஷத்துல ரெண்டு மூணு வளையமும் வரலாம், வராமலும் போகலாம்.

* மீன் கடையில விக்கிற காதோரம் சிவப்புக் கோடு போட்ட குட்டி ஆமை அமெரிக்க இனம். நாணயம் சைஸ்ல வாங்குறது, தட்டு சைஸ்க்கு வளரும். வளர்க்க முடியலைன்னு நொய்யல்லயோ நஞ்சராயன் குளத்துலயோ விட்டுடாதீங்க. நம்ம ஊர் ஆமைகளோட இரையையும் இடத்தையும் அது பிடிச்சுக்கும்.

ஆமை ஓட்டை வீடுன்னு நினைச்சதாலதான், அதை நம்ம வீட்டுக்குள்ள கொண்டு வந்து வெச்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சோம். 26 கோடி வருஷமா விலா எலும்பை மெல்ல மெல்ல விரிச்சு அது கட்டிக்கிட்ட உடம்பு, ஒரு ஹால் மூலையில சில வருஷத்துலயே கோணிப் போயிடுது. ஆமை புகுந்த வீடு உருப்படுமா, உருப்படாதான்னு அறிவியல் எதுவும் சொல்லலை. ஆனா, வீடு புகுந்த ஆமை உருப்படறதில்லை. அதை ஓடே சொல்லுது!